காலை 11 மணிக்கு வீட்டில்

கேள்வி: அரசுத் துறை ஒன்றில் 34 ஆண்டுகள் பணியாற்றி, கண்காணிப்பாளராக இருந்து, 60 வயது நிறைந்ததால் கடந்த மாதக் கடைசி நாளில் ஓய்வு பெற்றேன். பொன்னாடை போர்த்தி, வண்டி வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். முதல் வாரம் சுகமாகக் கழிந்தது. இப்போதோ காலை 8.40 ஆனதும், மாம்பலத்தில் மின்சார ரயிலைத் தவறவிட்டதுபோல நெஞ்சு படபடக்கிறது. சமையலறையில் ஏதேனும் சொன்னால் மனைவி எரிச்சலடைகிறார். "நீங்கள் ஆபீஸ் போனபோதும் இந்த வீடு ஒழுங்காகத்தான் நடந்தது" என்று நேற்று சொல்லியேவிட்டார். பழைய அலுவலகத்துக்கு இருமுறை போனேன். இரண்டாம் முறை யாருக்கும் பேச நேரமில்லை. என்ன செய்வது?

– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: உங்கள் கடிதத்திலேயே மிகச் சரியான வாக்கியம் உங்கள் மனைவி சொன்னதுதான் என்று எனக்குப் படுகிறது. 34 ஆண்டுகளாக வேலைநாள்களின் பகற்பொழுதில் நீங்கள் அந்த வீட்டில் இருந்ததில்லை; பால் கணக்கு, சிலிண்டர் வரும் நாள், தண்ணீர் லாரி வரும் நேரம், சாப்பாட்டுக்குப் பின் அரைமணி உறக்கம் என்று அவர் தமக்கென ஒரு நடைமுறையை அங்கே உருவாக்கி வைத்திருக்கிறார். அதற்குள் கோப்பைத் திருத்தும் கண்காணிப்பாளராக நீங்கள் நுழைந்தால் அவர் வேறென்ன செய்வார்? சாம்பாரில் பெருங்காயம் குறைவு என்பதைச் சில மாதங்களுக்குச் சொல்லாதிருங்கள். உதவுவதானால் ஒரு வேலையை முழுமையாக ஏற்றுக்கொள்ளுங்கள். கீரை வாங்குவதென்றால் வாங்கிவந்து, ஆய்ந்து, அலசி, நறுக்கி வைப்பது வரை உங்களுடையது.

(தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 58 என்றிருந்தது 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு மாலையாவது இருவரும் இதைப் பற்றிப் பேசியிருக்கலாம். எனக்கு எழுதுபவர்களில் அப்படிப் பேசியவர்களே இல்லை. பேசியவர்களுக்கு எழுதும் தேவை வருவதில்லையோ என்னவோ.)

படபடப்பு மாடிப்படி ஏறும்போதும் வருமானால் மருத்துவரைப் பாருங்கள். 8.40க்கு மட்டுந்தான் என்றால், அந்த நேரத்துக்கே சட்டை மாற்றிக் கிளம்பி, கடற்கரை செல்லும் அதே ரயிலில் ஏறி, எழும்பூரில் இறங்கிவிடுங்கள். 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் அங்கிருந்து நடக்கும் தொலைவுதான். நாட்டில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்துசேரும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று என்பதால், நீங்கள் எதைத் தேடிப் போனாலும் ஏமாற வாய்ப்புக் குறைவு. ரயில் வேண்டாத நாளில் பேருந்து இருக்கிறது. சென்னையில் வசிக்கும் 60 நிறைந்தவர்களுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகம் மாதத்துக்கு 10 இலவசப் பயண டோக்கன்கள் தருகிறது.

பழைய அலுவலகத்துக்கு ஓய்வூதியத் தாள்களுக்காக அன்றிப் போக வேண்டாம். அவர்கள் நன்றி மறந்தவர்களல்லர். உங்கள் மேசையில் இருந்த வேலை இப்போது அவர்கள் மேசையில் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று: பணிக்கொடைத் தொகை கைக்கு வந்ததும் மனை, பங்கு, பங்காளி என்று பலர் வருவார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை ஐந்தாண்டுகளுக்குப் போடலாம். 60 நிறைந்தவர் அதில் சேரக் கெடு ஏதும் இல்லை என்பதால், இந்த மாதமே எதையும் முடிவுசெய்ய வேண்டியதில்லை.

நாளை கிளம்பும்போது, சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை மட்டும் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவருடைய அரைமணி உறக்கம் அதைப் பொறுத்திருக்கிறது.