வலது மார்பையும் எடுத்துவிடலாமா, டாக்டர்?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 44 வயது. தையல் கடை வைத்திருக்கிறேன். இடது மார்பில் இரண்டு இடத்தில் கட்டி. பயாப்ஸியில் கேன்சர் என்று வந்தது, ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது உடம்பின் ஹார்மோனால் வளரும் வகை என்றார்கள். மூன்று கீமோ முடிந்திருக்கிறது, இன்னும் மூன்று இருக்கிறது. அப்புறம் இடது மார்பு முழுவதையும் எடுக்க வேண்டுமாம். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் என் அத்தை மகள், “ரெண்டையும் எடுத்துடு, இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க” என்கிறாள். ஹாலிவுட் நடிகை ஆஞ்சலினா ஜோலியை உதாரணம் காட்டுகிறாள். என் சித்தியும் 41 வயதில் இதே நோயில்தான் போனார். எங்கள் டாக்டரோ ஒன்று போதும் என்கிறார். ராத்திரி தூக்கமே இல்லை.
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: போகிற போக்கில் சித்தியைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் கண் அதில்தான் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். இடது மார்பில் இருக்கும் நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போனால்தான் ஆபத்து. அதைத் தடுக்கத்தான் கீமோவும், பிறகு வருஷக்கணக்கில் நீங்கள் விழுங்கப்போகும் ஹார்மோன் மாத்திரையும். வலது மார்பை எடுப்பதால் அந்த ஆபத்து துளியும் குறையாது. அங்கே பிற்காலத்தில் புதிதாக ஒரு கட்டி முளைப்பதை மட்டும் அது தடுக்கும். மொத்தமாகப் பார்த்தால், அப்படி முளைக்கும் வாய்ப்பு 20 வருடத்தில் 100 பேரில் சுமார் 7 பேருக்கு. அந்த ஹார்மோன் மாத்திரை வலது பக்கத்துக்கும் சேர்த்தே காவல்.

2024ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கட்டியை மட்டும் எடுத்தவர்கள், ஒரு மார்பை எடுத்தவர்கள், இரண்டையும் எடுத்தவர்கள் என்று மூன்று குழு, ஒவ்வொன்றிலும் 36,000 பேர். இரண்டையும் எடுத்தவர்களுக்குப் புதுக் கட்டி வெகு அபூர்வமாகத்தான் வந்தது. ஆனால் 20 வருடத்தில் இந்த நோயால் இறந்தவர்கள் மூன்று குழுவிலுமே 100க்கு 16 சொச்சம்.

அமெரிக்காவில் எல்லாரும் இரண்டையும் எடுப்பதில்லை. ஒரு பக்கம் நோய் வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், 2002ல் 100க்கு 4 பேர் இரண்டையும் எடுத்தார்கள். 2012ல் அது 13 ஆனது. கூடியிருப்பது நிஜம்தான். ஜோலி 2013ல் எடுத்துக்கொண்டபோது அவருக்குக் கேன்சரே இல்லை. பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறவிக் கோளாறு இருந்தது. அவருடைய கணக்கை உங்களுக்குப் போட முடியாது, உங்களுக்கும் அது இருந்தாலொழிய.

சரி, சித்தி. அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? நீங்கள் எழுதவில்லை. நம் தமிழில் இரண்டும் ஒரே சொல். மரபணுவுக்கு அப்படி இல்லை. அம்மாவின் தங்கை என்றால் அது மிக முக்கியமான தகவல். சித்தப்பா மனைவி என்றால் ரத்தத் தொடர்பு இல்லை (சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் அதுவும் சொல்ல முடியாது!). எதுவானாலும் 44 வயதிலேயே வந்திருப்பதால் மரபணுப் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தம் கொடுத்தால் போதும், மூன்று நான்கு வாரத்தில் முடிவு வரும். கீமோ இன்னும் பாக்கி இருக்கிறதே, அவகாசம் தாராளமாக இருக்கிறது. பிஆர்சிஏ1 கோளாறு என்று வந்தால் மறுபக்கம் வரும் வாய்ப்பு 20 வருடத்தில் 100க்கு 40. பிஆர்சிஏ2 என்ற இன்னொரு மரபணுவில் என்றால் 26. அப்போது இரண்டையும் எடுக்கச் சொல்லி நானே பேசுவேன், சினைப்பையையும் சேர்த்து. “மாற்றம் இருக்கிறது, அர்த்தம் தெரியவில்லை” என்றும் சில ரிப்போர்ட் வரும். அந்தக் காகிதத்தை நம்பி ஆபரேஷன் மேஜையில் ஏறாதீர்கள்.

மார்பு அறுவை சிகிச்சைதான் என் தொழில். ஆனாலும் 2009ல் என் அக்காவுக்கு இடது பக்கம் வந்தபோது, “ரெண்டையும் எடுத்துடலாம்க்கா” என்று அழுதவள் நான்தான். “வலது பக்கம் என்னடி தப்பு பண்ணுச்சு?” என்று கேட்டாள் அக்கா. விட்டுவைத்தாள். ஒவ்வொரு மார்கழியும் மம்மோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே. அதற்கு முந்தைய வாரம் வீட்டில் யாரோடும் பேசமாட்டாள், நடுராத்திரியில் எனக்கு மட்டும் போன் வரும். விட்டுவைத்ததற்கு அவள் கொடுக்கும் விலை அது. மரபணுவில் கோளாறு இல்லாமலேயே இரண்டையும் எடுக்கச் சொன்ன பெண்ணுக்கும் நான் செய்திருக்கிறேன். இப்போது நிம்மதியாகத் தூங்குவதாகச் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் நீங்கள் மிஷினில் குனிந்து பிழைப்பவர். இரண்டு பக்கம் புண், இரண்டு பக்கம் நீர் வடியும் டியூப், இரண்டு தோளும் சில வாரம் இறுகிக் கிடக்கும். எந்தப் பக்கம் சீழ் வைத்தாலும் அடுத்த சிகிச்சை தள்ளிப்போகும். எடுத்த இடம் மரத்துவிடும். ஒத்தடம் கொடுத்தால் சுடுவதுகூடத் தெரியாமல் போகலாம். வயிற்றுச் சதையை வைத்து மார்பைத் திரும்ப அமைக்கும் யோசனை இருந்தால், அந்தச் சதையை ஒரு முறைதான் எடுக்க முடியும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பரிசோதனையில் எதுவும் இல்லை என்றால் இப்போதைக்கு இடது மட்டும். வலது பக்கத்தை அடுத்த வருடம்கூட யோசிக்கலாம், யாரும் கதவைச் சாத்திவிடப் போவதில்லை.

கேள்வி: மூன்று மாதம் முன்பு வலது மார்பை எடுத்தார்கள். வயது 61. ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பது போலவும், கழுத்து இழுப்பது போலவும் இருக்கிறது. மற்றதையும் எடுத்தால் சரியாகுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: இதற்காக எடுக்க வேண்டாம். உள்ளே பஞ்சு வைத்துக்கொண்டு சமாளிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பஞ்சுக்குக் கனம் இல்லை. புண் நன்றாக ஆறியிருந்தால், மற்ற மார்பின் எடைக்குப் பொருத்தமான சிலிகான் மார்பு வாங்கி வையுங்கள். அப்படியும் கழுத்து வலித்தால், இருக்கும் மார்பைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை உண்டு. சிலிகான் நழுவாமலிருக்க ரவிக்கையின் உள்பக்கம் ஒரு பை வைத்துத் தைக்க வேண்டும், வாய்ப்பக்கம் அக்குளைப் பார்த்து. விருதுநகர்க்காரர் மறுபடி மிஷினில் உட்காரட்டும், அளவு ரவிக்கையை அனுப்பிவையுங்கள்.