சங்கம் உள்ள புது வீடா, சங்கம் இல்லாத பழைய வீடா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் நகரின் வடக்குப் புறநகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் எச்-1பி வேலை விசாவிலும், மனைவி அதைச் சார்ந்த எச்-4 விசாவிலும் இருக்கிறோம். பள்ளி செல்லும் குழந்தைகள் இருவர். வாங்குவதற்கு இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று செலினாவில் பில்டர் கட்டும் புது வீடு, விலை 5,10,000 டாலர். அங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் (எச்.ஓ.ஏ.) உண்டு, மாதம் 115 டாலர் கட்ட வேண்டும். அது தவிர ஆண்டுக்கு 2,100 டாலர் ‘பிட்’ வரி என்றும் சொன்னார்கள். மற்றொன்று பிளானோவில் 1987-இல் கட்டிய வீடு. விலை 5,45,000 டாலர், சங்கம் இல்லை. சங்கம் இருந்தால் வீட்டின் மதிப்பு ஏறும் என்று சிலரும், அதைவிடத் தலைவலி வேறில்லை என்று சிலரும் சொல்கிறார்கள். வாசலில் தோரணம் கட்டவும் துளசி மாடம் வைக்கவும் விடுவார்களா என்பது என் தாயாரின் கவலை. செலினா சங்கத்தின் விதிமுறைகளையும் வரவுசெலவுத் திட்டத்தையும் இணைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். கடன் தரும் நிறுவனம் உங்கள் தகுதியைக் கணக்கிடும்போது அசல், வட்டி, சொத்துவரி, காப்பீடு ஆகியவற்றோடு சங்கக் கட்டணத்தையும் சேர்த்தே பார்க்கும். 6.5 விழுக்காடு வட்டியில் 30 ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொண்டால், மாதம் 100 டாலர் தவணைக்கு ஏறத்தாழ 15,800 டாலர் கடன் கிடைக்கும். அந்தக் கணக்கில் 115 டாலர் கட்டணம் 18,200 டாலர் கடனுக்குச் சமம். ஒரு வேறுபாடு உண்டு: கடன் 30 ஆண்டுகளில் தீர்ந்துவிடும், கட்டணம் தீராது. ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறினாலே பதினைந்தாம் ஆண்டு முடிவில் அது 239 டாலராகிவிடும். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் சங்கக் கட்டணத்தை வருமான வரியில் கழிக்கவும் முடியாது. வீட்டை வாடகைக்கு விட்ட பிறகுதான் அதை வாடகைச் செலவாகக் காட்டலாம்.

ஆனால் 115 என்ற எண்ணையே நான் நம்பவில்லை. நீங்கள் அனுப்பிய வரவுசெலவுத் திட்டத்தில் 420 மனைகள் இருக்கின்றன. அத்தனை மனைகளும் முழுக் கட்டணம் கட்டினாலும் ஆண்டு வரவு 5,79,600 டாலர்தான். செலவுப் பக்கத்திலோ 6,64,600 டாலர் எழுதியிருக்கிறார்கள். இடையில் விழும் 85,000 டாலரை ‘பில்டர் பங்களிப்பு’ என்று ஒற்றை வரியில் நிரப்பியிருக்கிறார்கள். விற்பனை நடக்கும் காலத்தில் கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவது பில்டருக்கு ஆதாயம் என்பதால் அவர் கையிலிருந்து போடுகிறார். கடைசி மனை விற்றதும் அந்த வரி காணாமல் போகும். அன்றைக்கு ஒவ்வொரு வீட்டின் தலையிலும் மாதம் 17 டாலர் கூடும்.

அதே தாளின் அடியில், பிற்காலப் பழுதுபார்ப்புக்கான சேமநிதிக்கு 12,000 டாலர் ஒதுக்கியிருக்கிறார்கள். இது மொத்தச் செலவில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. நீச்சல் குளத்தின் உள்பூச்சு, பம்புகள், சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல் எல்லாம் புதிதாக இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவை எல்லாம் ஒரே சமயத்தில் பழுதாகும். அடுக்குமாடி வீடுகளுக்கான கடன்களில், வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே போன்ற நிறுவனங்கள் ஆண்டு வரவுசெலவில் குறைந்தது பத்தில் ஒரு பங்காவது சேமநிதிக்குப் போக வேண்டும் என்று கேட்டு வந்திருக்கின்றன. உங்களுடையது தனி வீடு, அந்த விதி நேராகப் பொருந்தாது. ஆனால் அளவுகோலாகக் கொள்ளலாம். இப்போது எழுதியிருக்கும் செலவில் பத்து விழுக்காட்டை எட்ட வேண்டுமானால் வீட்டுக்கு மாதம் இன்னும் 11 டாலர் கூடும். ஆகவே உங்கள் உண்மையான மாதக் கட்டணத்தை 143 டாலர் என்றே நான் எடுத்துக்கொள்வேன். அது 22,600 டாலர் கடனுக்குச் சமம்.

குறைந்த கட்டணத்தைப் பார்த்து மகிழ்பவர்களிடம் நான் சேமநிதிக் கணக்கைக் கேட்பது இதனால்தான். ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் 2021 ஜூன் 24 அன்று இடிந்து விழுந்து 98 பேரைப் பலிகொண்ட அடுக்குமாடிக் கட்டடத்தில், பழுதுபார்ப்புக்கான சேமநிதி போதாமல், ஒன்றரைக் கோடி டாலரை உரிமையாளர்களிடம் சிறப்பு வசூலாகத் திரட்ட அதற்குச் சில மாதங்கள் முன்புதான் முடிவெடுத்திருந்தார்கள். தனி வீடுகளின் சங்கத்தில் உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் சேர்க்காமல் விட்ட பணத்தை ஒரே கடிதத்தில் கேட்கும் வழக்கம் இங்கும் அதேதான்.

சென்னை அடுக்ககங்களில் பராமரிப்புக் கட்டணம் கட்டிப் பழகியவர்கள் இங்கே ஒன்றைத் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். தனி வீட்டுக் குடியிருப்பில் சங்கம் பொதுவாகப் பொதுச் சொத்துகளை மட்டுமே பார்த்துக்கொள்ளும். ஆலங்கட்டி மழையில் உங்கள் கூரை போனாலும், வடக்கு டெக்சாஸின் களிமண் சுருங்கி விரிந்து அஸ்திவாரம் அசைந்தாலும் செலவு முழுவதும் உங்களுடையது. கட்டணம் கட்டுகிறோம் என்பதற்காக வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கும் தொகையைக் குறைத்துவிடாதீர்கள்.

பிட் வரி என்பது சங்கத்தோடு தொடர்பில்லாதது. சாலை, குடிநீர்க் குழாய், வடிகால் ஆகியவற்றுக்காக வெளியிட்ட கடன் பத்திரங்களை அடைக்க உங்கள் மனையின் மீது சுமத்தியிருக்கும் தொகை அது. மாதத்துக்கு 175 டாலர். சங்கக் கட்டணத்தைவிட அதிகம். இரண்டையும் சேர்த்தால் 318 டாலர், அதாவது சுமார் 50,000 டாலர் கடனுக்கான தவணை. இரு வீடுகளுக்கும் விலையில் வித்தியாசம் 35,000 டாலர். சங்கக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் செலினா மலிவு. பிட் தொகையையும் சேர்த்தால் பிளானோ மலிவு. நிலுவை அசலை மொத்தமாக அடைத்துப் பிட் சுமையிலிருந்து விடுபடும் வழி பெரும்பாலும் இருக்கும், அந்தத் தொகை எவ்வளவு என்று நகராட்சியிடம் கேளுங்கள்.

இனி சங்கத்தின் அதிகாரம். வீட்டை வாங்கிய அன்றே நீங்கள் உறுப்பினர். விலகும் உரிமை கிடையாது, விதிகள் நிலத்தோடு ஒட்டியவை. கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் பாக்கிக்காக வீட்டின் மீது சங்கத்துக்குப் பற்றுரிமை (லீன்) ஏற்படும், அது ஏலம்வரை போகலாம். பிரிஸ்கோ நகரில் வெளிநாட்டில் பணியில் இருந்த ராணுவ அதிகாரி ஒருவரின் கடனில்லாத வீடு, ஆயிரம் டாலரைத் தாண்டாத நிலுவைக்காகச் சில ஆயிரம் டாலருக்கு ஏலம் போன செய்தி 2010-இல் நாடு முழுவதும் பேசப்பட்டது. அதன் பிறகு டெக்சாஸ் சட்டம் இறுக்கப்பட்டது. 2012 முதல் நீதிமன்ற ஆணை இல்லாமல் சங்கம் கட்டண பாக்கிக்காக வீட்டை ஏலம் விட முடியாது. நிலுவை வெறும் அபராதமாகவோ அதைச் சார்ந்த வழக்கறிஞர் கட்டணமாகவோ மட்டும் இருந்தால் ஏலமே கூடாது. ஏலம் நடந்துவிட்டாலும், அதைச் சங்கம் எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். பதினான்கு மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்கள் நிலுவையைத் தவணையில் கட்டும் வாய்ப்பையும் தர வேண்டும்.

இந்தப் பாதுகாப்புகள் எல்லாம் கடிதத்தைத் திறந்து படிப்பவருக்குத்தான் பயன்படும். சொத்துவரியையும் காப்பீட்டையும்போலச் சங்கக் கட்டணம் பொதுவாக எஸ்க்ரோ கணக்கில் (கடன் நிறுவனம் தவணையோடு வசூலித்துத் தானே கட்டும் கணக்கு) சேராது. வீட்டுக் கடன் தவணை தவறாமல் போவதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பும்போது தாமதக் கட்டணமும் வழக்கறிஞர் கடிதமும் தபால் பெட்டியில் கிடப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. தானியங்கிக் கட்டணத்தை முதல் மாதமே அமைத்துவிடுங்கள்.

உங்களைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது கட்டணத்தைப் பற்றியோ அபராதத்தைப் பற்றியோ அல்ல. நீங்கள் அனுப்பிய விதிமுறைகளில், வீட்டை வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்களுக்கு உரிமையாளரே குடியிருக்க வேண்டும், அதுவரை வாடகைக்கு விடக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. முதலீட்டு நிறுவனங்கள் வரிசையாக வீடுகளை வாங்கிக் குவிப்பதைத் தடுக்க வந்த விதி அது. குடியுரிமை உள்ளவருக்கு அது பெரிய பொருட்டல்ல. எச்-1பி விசாவில் இருக்கும் நீங்கள் வேலையை இழந்தால் அடுத்த வேலைக்குக் கிடைப்பது அதிகபட்சம் 60 நாள். புது வேலை சியாட்டிலிலோ நியூஜெர்சியிலோ அமைந்தால் வீட்டை என்ன செய்வீர்கள்? வாடகைக்கு விட முடியாது. எதிரிலேயே பில்டர் புது வீடுகளை விற்றுக்கொண்டிருக்கும் தெருவில் உங்கள் வீட்டை அவசரமாக விற்க வேண்டும். முகவர் கமிஷன் உள்ளிட்ட செலவுகளை 6 விழுக்காடு என்று வைத்தாலே 30,600 டாலர் போய்விடும். மேலே போட்ட சங்கக் கட்டணக் கணக்கு இதற்கு முன் சிறியது. பிளானோ வீட்டுக்கு இந்தத் தடை இல்லை. நகராட்சியின் விதிகளுக்கும் உங்கள் கடன் ஒப்பந்தத்துக்கும் உட்பட்டு ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு விடலாம்.

சங்கத்தால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடாத காரை மாதக்கணக்கில் வாசலில் நிறுத்தினாலோ, புல்லை இடுப்பளவு வளரவிட்டாலோ நீங்கள் போய் முகத்தைச் சுளிக்க வேண்டியதில்லை. கடிதம் அனுப்ப ஆள் இருக்கிறது. குழந்தைகள் நடந்து போகும் தூரத்தில் குளமும் பூங்காவும் இருப்பதற்கு ஒரு விலை உண்டுதான். இப்போது நீச்சலுக்கும் உடற்பயிற்சிக்கும் மாதம் என்ன செலவழிக்கிறீர்கள் என்று பார்த்து, அந்தத் தொகையை மட்டும் 143-இலிருந்து கழியுங்கள். பிளானோ நகராட்சியே குளத்தோடு கூடிய பொழுதுபோக்கு மையங்களை நடத்துவதால் கழிக்க வேண்டிய தொகை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். சங்கத்தால் வீட்டின் மதிப்பு ஏறும் என்ற வாதத்துக்கு நான் பெரிய எடை தருவதில்லை. ஒழுங்கான தெருவுக்கான கூடுதல் விலையை வாங்கும்போதே பில்டரிடம் கொடுத்துவிடுகிறீர்கள், விற்கும்போது அதைத் திரும்பப் பெற்றால் அது இலாபம் ஆகாது.

உங்கள் தாயாரிடம் தோரணத்துக்குத் தடை வராது என்று சொல்லலாம். நேர்மையான மத நம்பிக்கையின் பொருட்டு வீட்டில் வைக்கும் அடையாளங்களைச் சங்கம் தடுக்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. 2021-இல் செய்த திருத்தம் இந்த உரிமையை வாசற்கதவைத் தாண்டி மனை முழுவதற்கும் விரித்தது. மனையின் எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளிக்குள் கட்டுமானம் வந்தால் சங்கம் ஆட்சேபிக்கலாம் என்பதால், துளசி மாடத்தைப் பின்கட்டில் வேலியிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. வடாம் பிழிந்து காயவைக்கச் சட்டப் பாதுகாப்பு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதையும் தெருவிலிருந்து தெரியாத பின்கட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்றைய நிலையில் என் தேர்வு பிளானோ வீடு. ஆனால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைத் தனியாக அமர்த்தி அஸ்திவாரத்தை அளந்து பார்த்த பிறகுதான் அதை உறுதியாகச் சொல்வேன். 1987-இல் கட்டிய வீட்டுக்குக் கூரையும் குளிர்சாதனமும் சேர்ந்து வரும் செலவுக்காக 20,000 டாலரைத் தனியே வைத்திருக்க முடியாது என்றால் அந்த வீடு உங்களுக்கு ஆகாது.

செலினாதான் மனத்தில் நிற்கிறது என்றால் முதலில் சங்கத்தின் பதிவுகளைப் பாருங்கள். டெக்சாஸ் ரியல் எஸ்டேட் ஆணையம், சங்கத்தை நடத்துவது யார் என்பதைச் சொல்லும் நிர்வாகச் சான்றுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. மறுவிற்பனை வீடுகளுக்கு ஆணையத்தின் ஒப்பந்தப் படிவத்தில், சங்க ஆவணங்கள் கைக்கு வந்த மூன்று நாட்களுக்குள் விலகிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. பில்டர்கள் தங்கள் சொந்த ஒப்பந்தத்தையே பயன்படுத்துவதால் அது உங்களுக்கு இருப்பதாக எண்ண வேண்டாம். நிர்வாகக் குழுவில் குடியிருப்போர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்: நான்கில் மூன்று பங்கு மனைகள் விற்று 120 நாட்களுக்குள் குழுவில் மூன்றில் ஒரு பங்கையாவது உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது சட்டம், அதுவரை விதியை மாற்றவும் தளர்த்தவும் அதிகாரம் பொதுவாகப் பில்டரிடம்தான் இருக்கிறது. அது இப்போது உங்களுக்குச் சாதகம். வேலை இழப்பினாலோ இடமாற்றத்தினாலோ வெளியேற நேர்ந்தால் 24 மாத வாடகைத் தடையிலிருந்து விலக்கு உண்டு என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் கேளுங்கள். விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வது நாளைக்குச் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. கடிதம் கைக்கு வந்து, அதை ஒரு ரியல் எஸ்டேட் வழக்கறிஞரும் பார்த்த பிறகு முன்பணத்தைக் கட்டுங்கள்.