தண்ணீர் திரும்பி வரும்தான், ஆனால் எப்போது?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் குழாயை மூடச் சொன்னால், "கொட்டுகிற தண்ணீர் ஆவியாகி மழையாகத் திரும்பி வந்துவிடும் என்றுதானே பாடத்தில் இருக்கிறது?" என்கிறாள். என்ன பதில் சொல்வது?

பதில்: முதலில் அவள் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டுவிடுங்கள். பூமியில் உள்ள நீரின் மொத்த அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. பாடப் புத்தகப் படத்தில் விடுபட்டுப்போவது காலக் கணக்கு. வட்டமாக அம்புக்குறி போட்டுவிடுகிறார்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை நாள் என்று எழுதுவதில்லை.

ஆவியாகி மேலே போன நீர் சராசரியாக 9, 10 நாளில் கீழே இறங்கிவிடும். எங்கே இறங்கும் என்பதுதான் சிக்கல். பூமியின் பரப்பில் 71 சதவீதம் கடல். அங்கே விழுந்த துளி மறுபடி ஆவியாகச் சராசரியாக 3,000 ஆண்டுகள்வரை ஆகலாம்.

நிலத்தடி நீர் இன்னும் விசித்திரம். மேலாக ஊறும் கிணற்று நீர் ஒரு நல்ல மழைக்காலத்தில் ஏறிவிடும். மிக ஆழத்தில் பாறை அடுக்குகளில் இருப்பதோ பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. சகாராவின் கிழக்குப் பகுதிக்கு அடியில் இருக்கும் நூபிய நீரடுக்கு அப்படிப்பட்டதுதான். அந்தப் பாலைவனத்தில் நன்றாக மழை பெய்த காலத்தில் சேர்ந்தது. இன்று உறிஞ்சினால் ஈடுகட்ட அங்கே மழை இல்லை. மகளுக்குப் பணக் கணக்கில் சொல்லிப் பாருங்கள்: மழை மாதச் சம்பளம், ஆழத்து நீர் முப்பாட்டன் சேர்த்து வைத்தது.

அப்புறம் உப்பு. பூமியின் நீரில் சுமார் 97.5 சதவீதம் உப்பு நீர். மீதியுள்ள நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனியாக உறைந்து கிடக்கிறது. நிலத்தில் வாழும் செடிக்கும் விலங்குக்கும் நமக்கும் நன்னீரைப் புதுப்பித்துத் தருவது வெயில்தான்.

இதை வீட்டிலேயே காட்டலாம். அகலமான தட்டில் கொஞ்சம் உப்பு நீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். அதே அளவு நீரைக் குறுகிய வாயுள்ள பாட்டிலில் ஊற்றிப் பக்கத்திலேயே வையுங்கள். தட்டு காய்ந்து உப்பு மட்டும் தங்கியிருக்கும்போதும் பாட்டிலில் தண்ணீர் நிற்கும். ஒரே வெயில்தான், வேகம் மட்டும் வேறு.

பிறகு அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நம் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் ஆற்றிலிருந்து வருகிறதா, ஏரியிலிருந்தா, ஆழ்துளைக் கிணற்றிலிருந்தா? அதை அவளே விசாரித்துக் கண்டுபிடிக்கட்டும். ஆழ்துளைக் கிணறு என்றால், அதன் ஆழம் எத்தனை அடி என்பதையும் சேர்த்துக் கேட்டு வரச் சொல்லுங்கள்.