போன் என் முகத்தைப் பார்த்தால் பரவாயில்லை, தெருக் கேமரா பார்த்தால் மட்டும் ஏன் எதிர்ப்பு?

போனைத் திறக்கத் தினமும் முகத்தைக் காட்டுகிறோம், அதே வேலையைப் பொது இடத்துக் கேமரா செய்தால் மட்டும் அந்தரங்கம் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒரே வேலை கிடையாது. போன் பார்ப்பது 'இது சொந்தக்காரர்தானா' என்று மட்டும். நீங்களாக முகத்தைக் காட்டுகிறீர்கள், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டதும் முடிந்தது. கேமராவோ 'இது யார்' என்று பெரிய பட்டியலைத் துழாவுகிறது. அதுவும் தூரத்திலிருந்து, உங்களைக் கேட்காமல். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எங்கே போய் மாற்றுவது?

இந்தத் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மென்பொருள் முகத்தை எண் வரிசையாக மாற்றி வைக்கிறது. எவ்வளவு ஒத்துப்போனால் 'அதே ஆள்' என்பதை யாரோ ஒருவர் செட்டிங்கில் நிர்ணயிக்கிறார். அதைக் கூட்டினால் தேடப்படுபவர் தப்புவார், குறைத்தால் அப்பாவிகள் சிக்குவார்கள். பதிவான படத்தைக் கொடுத்துத் தேடும்போது, இருப்பதிலேயே நெருக்கமான முகங்களை வரிசைப்படுத்தித் தருவதும் உண்டு. அப்போது, தேடும் ஆள் அந்தத் தொகுப்பிலேயே இல்லாவிட்டாலும் முதலிடத்தில் யாராவது ஒருவர் வந்து நிற்பார்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் மாட்டியது இப்படிப்பட்ட தேடலில்தான். கடையில் கைக்கடிகாரங்கள் திருடியவரின் மங்கலான வீடியோ படத்துக்கு, இவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் பொருந்துவதாக வந்தது. 2020 ஜனவரியில் வீட்டு வாசலிலேயே, மனைவியும் மகள்களும் பார்க்க விலங்கு மாட்டினார்கள். சுமார் 30 மணி நேரம் காவல். விசாரணையில் காட்டிய படத்தை எடுத்துத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார் அவர். வேறு ஆள்! கணினி கை காட்டியதும் மொத்த விசாரணையும் அதன் பின்னாலேயே போயிருந்தது.

கூட்டத்தில் நேரடியாகத் தேடினாலும் சிக்கல்தான். 2017இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதிப் போட்டியின்போது 'தேடப்படும் ஆள்' என்று வந்த 2,470 எச்சரிக்கைகளில் 2,297 தவறானவை. தவறு ஆயிரத்தில் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டாலும், லட்சம் பேர் கடந்துபோனால் 100 பேர் நிறுத்தப்படுவார்கள்.

துல்லியம் கூடிவிட்டால் சரியாகிவிடுமே என்பார்கள். எனக்குப் பெரிய பயமே அங்கேதான். 2019 ஆகஸ்டில் நிகோலாய் குளூகின் என்பவர், கைதான ஒரு போராட்டக்காரரின் ஆளுயர அட்டை உருவத்தோடு மாஸ்கோ மெட்ரோவில் தனியாகப் போனார். யாருக்கும் தொந்தரவில்லை. டெலிகிராமில் வந்த படங்களை வைத்து அடையாளம் கண்டு, சில நாளிலேயே மெட்ரோ நிலையத்தில் அவரைப் பிடித்தார்கள். 20,000 ரூபிள் அபராதம். அவருடைய அந்தரங்கமும் கருத்துரிமையும் மீறப்பட்டதாக ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது. இங்கே மென்பொருள் தவறவே இல்லை, சரியான ஆளைத்தான் காட்டிக்கொடுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 பிப்ரவரி 2 முதல் காவல்துறை பொது இடங்களில் நேரடியாக முகம் தேடத் தடை இருக்கிறது. கடத்தப்பட்டவர்களைத் தேடுவது, பயங்கரவாதத் தாக்குதலைத் தடுப்பது போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பதிவான வீடியோவில் பிறகு தேடுவதற்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. இதில் எனக்கு உடன்பாடே இல்லை. வில்லியம்ஸ், குளூகின் இருவரையும் முதலில் காட்டிக்கொடுத்தது ஏற்கெனவே பதிவான படங்கள்தான். பதிவுகள் வருடக்கணக்கில் கிடந்தால், நீங்கள் எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள், எந்தக் கூட்டத்தில் யாரோடு நின்றீர்கள் என்று நாளைக்கு வரும் அதிகாரிகூடத் தோண்டலாம்.

காணாமல்போன குழந்தையைத் தேட இது உதவுமென்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். பட்டியலில் யாரைச் சேர்க்கலாம், கேமராவை எங்கே வைக்கலாம், பொருந்தாத முகங்களை எப்போது அழிக்க வேண்டும் என்பதெல்லாம் முதலில் சட்டத்தில் வரட்டும். கார்டிஃபில் இதைப் பயன்படுத்திய அதே காவல்துறை, பொருந்தாத முகங்களை உடனுக்குடன் அழித்துக்கொண்டுதான் இருந்தது. அப்படியும், யாரை எங்கே தேடுவது என்பது அதிகாரிகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்ததால், 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது.