புகை திரும்பி வரும் அடுப்பு: கடைக்காரர் கைவிரிக்க முடியுமா?

கேள்வி: இங்கிலாந்தில் பழைய வீடு ஒன்றில் இருக்கிறோம். விறகில் எரியும் ரேஞ்ச் குக்கர் (ஓவனும் சேர்ந்த பெரிய அடுப்பு) வாங்கினோம். விற்ற கடையே ஆள் அனுப்பிப் பொருத்திக் கொடுத்தது. ஏழு வாரமாகிறது. தீக்கதவைத் திறந்தால் சமையலறைக்குள் புகை வருகிறது, ஓவன் சரியாகச் சூடேறுவதில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டு முறை அடித்துவிட்டது. ஒருமுறை வந்து கதவுச் சீலை மாற்றினார்கள், பலனில்லை. இப்போது, "விறகு ஈரமாக இருக்கும், இல்லையென்றால் உங்கள் புகைபோக்கிதான் காரணம். 30 நாளும் முடிந்துவிட்டது" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த அடுப்பைப் பற்றவைப்பதை நிறுத்துங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை கண்ணுக்குத் தெரியாத நாளிலும் அது அறைக்குள் இருக்கலாம். வீட்டில் யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் இருந்தால், அலாரம் அடித்ததையும் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். அலாரம் அடித்த தேதிகளை எழுதி வையுங்கள். வழக்குக்கும் அவை தேவைப்படும்.

30 நாள் முடிந்தது என்று அவர்கள் சொல்வது பாதி உண்மைதான். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதுபார்க்க வாய்ப்பே தராமல் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குத்தான் அந்தக் கெடு. அதற்குப் பிறகும் வழி இருக்கிறது. விற்றவருக்குப் பழுதுபார்க்க ஒரு வாய்ப்பு தர வேண்டும். அது பலிக்கவில்லை என்றால் விலைக் குறைப்பு கேட்கலாம், அல்லது பொருளை நிராகரிக்கலாம். சீல் மாற்றியதோடு அந்த ஒரு வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகத்தான் சட்டம் கொள்ளும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் வேலை. ஆறு மாதத்துக்குள் நிராகரித்தால், இத்தனை நாள் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லிப் பணத்தில் பிடித்தம் செய்யவும் முடியாது.

அடுப்பா, புகைபோக்கியா என்ற சண்டையில் நீங்கள் இறங்க வேண்டாம். விற்பதும் பொருத்துவதும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால், தவறாகப் பொருத்தப்பட்ட பொருளும் சட்டத்தின் கண்ணில் குறையுள்ள பொருளே. அந்தப் புகைபோக்கி இந்த அடுப்புக்கு ஏற்றதா என்று பொருத்தும் முன்பே பார்த்திருக்க வேண்டியது அவர்கள். பில்லில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பொருத்தியவர் தனி ஒப்பந்தக்காரர் என்றால் நிலைமை மாறும். அப்போது அவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்தாரா என்பது தனிக் கேள்வி.

ஆனால் உங்கள் பக்கம் தவறு இருந்தால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. அதனால் விறகை நீங்களே சோதியுங்கள். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் குத்தினால் குறைவாகத்தான் காட்டும். 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் இரண்டு கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பும் அதுதான். அளவைப் படமெடுத்து, விறகு வாங்கிய ரசீதோடு வையுங்கள். ஓவனைச் சுற்றிச் சூடு போகும் பாதையில் கரி அடைத்திருக்கிறதா, டேம்பர் (புகைபோக்கிக்குப் போகும் இழுவையைக் கட்டுப்படுத்தும் தகடு) கையேடு சொல்லும் நிலையில் இருந்ததா என்பதும் முக்கியம். கையேடு சொல்லும் சுத்தம் செய்யாமல் விட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள், எப்படியும் வெளியே வரும்.

சமையலறையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஓடும்போது மட்டும் புகை வந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். அப்படியென்றால் விசிறி புகைபோக்கியோடு போட்டி போடுகிறது. 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்புக்கு நிரந்தரக் காற்றுத்திறப்பும் வேண்டும். இந்த இரண்டையும் பொருத்தும்போதே கவனித்திருக்க வேண்டியவர் பொருத்தியவர்தான்.

இவ்வகை அடுப்பைப் பொருத்துவது கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டிய வேலை. ஹெட்டாஸ் (HETAS) போன்ற, அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவு செய்யும் திட்டத்தில் பதிவுபெற்றவர் செய்தால் அவரே இணக்கச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்வார். இல்லையென்றால் உள்ளூராட்சி மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு அறிவித்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லை என்றால் உங்கள் வாதம் வலுக்கிறது.

அடுப்பைக் கழற்றுவதற்கு முன், கடையோடு தொடர்பில்லாத பதிவுபெற்ற ஒருவரை வரவழைத்து, புகைச் சோதனை செய்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். கழற்றிவிட்டால் எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த அறிக்கையோடு, பொருளை நிராகரிக்கிறேன், 14 நாளுக்குள் பணம் வேண்டும் என்று கடைக்கு எழுதுங்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால், பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருக்கும்பட்சத்தில், 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்திடமும் அதே தொகையைக் கேட்கலாம். யாரும் அசையவில்லை என்றால், 10,000 பவுண்டு வரையான கோரிக்கைக்குச் சிறு வழக்குப் பிரிவு இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம். வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம் உண்டு, ஆனாலும் ஆறு மாதத்துக்குள் எழுதிவிடுங்கள்.