கிளிப் பெடல்: மலிந்தது போதுமா, விலை கூடியதுக்குப் போகலாமா?

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மவுண்டன் சைக்கிளுக்கான கிளிப் பெடல், அதாவது சப்பாத்தின் அடியை ஸ்பிரிங்கால் பூட்டிக்கொள்ளும் பெடல் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

ஷிமானோ எம்520 எடுக்கவா, எக்ஸ்டி எடுக்கவா? மலிந்ததை வாங்கினால் இரண்டு தரம் வாங்க வேண்டி வரும் என்று கூட்டாளிமார் பயமுறுத்துகிறார்கள். (கல்லடி)

520 எடுங்கள். ஒரு சோடி 520 சுமார் 380 கிராம், எக்ஸ்டி எம்8100 சுமார் 342 கிராம், அதற்கும் மேல் வகையான எக்ஸ்டிஆர் 310 அளவில். நீங்கள் கேட்ட இரண்டுக்கும் நடுவே உள்ள 38 கிராமை வழியில் ஒரு பிளேன்ரீ குடித்தாலே திருப்பி ஏற்றிக்கொள்வீர்கள். மூன்றிலும் அச்சு குரோமோலி உருக்கு. சப்பாத்துக்கு அடியில் பூட்டும் கிளீட்டும் ஒன்றேதான், ஸ்பிரிங் அதைப் பிடிக்கும் முறையும் ஒன்றேதான். கூடக் கொடுக்கும் காசுக்கு எடைக் குறைவும், நல்ல மேற்பூச்சும், சப்பாத்தின் அடி பதியச் சற்று அகன்ற இடமும், சேறு வெளியே போக வசதியான வடிவமும் கிடைக்கும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்லடியிலிருந்து கல்முனை வரை போய் வருகிறவருக்கு அதில் எது அவசரம்?

கூட்டாளிமார் சொல்வது பெயர் தெரியாத நகல்களுக்குப் பொருந்தும். அவற்றில் ஸ்பிரிங் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கால் கழற்ற வேண்டிய நேரத்தில் கழன்று வராத பெடல் எவ்வளவு மலிந்தாலும் வேண்டாம்.

மிச்சப்படும் காசைச் சப்பாத்தில் போடுங்கள். நம்முடைய கிழக்குக் கரை நிலம் தட்டை. மலைநாட்டுக்காரர் இறக்கத்தில் காலை ஓய விடுவார். நமக்கு இறக்கமே இல்லை, இரண்டு மணித்தியாலம் ஓடினால் இரண்டு மணித்தியாலமும் மிதிதான். கச்சான் காற்று எதிரே வந்தால் சொல்லவே வேண்டாம். அடி மெத்தென்று வளையும் சப்பாத்தில் அந்த அழுத்தம் முழுக்க கிளீட் இருக்கும் சின்ன இடத்தில் குவிந்து பாதம் எரியும். அந்த எரிச்சலைப் பெடலின் குற்றம் என்று நினைத்து விலை கூடிய பெடலுக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர். அடி விறைப்பான சப்பாத்துடன் 520 போட்டவர், வளையும் சப்பாத்துடன் எக்ஸ்டிஆர் போட்டவரைவிடச் சுகமாக ஓடுவார்.

பிபிலை தாண்டிப் பதுளை மலைப்பக்கம் போய்க் கல்லும் வேருமான இறக்கங்களில் ஓடுகிறவர் நீங்கள் என்றால் கதை வேறு. அப்போது எக்ஸ்டியின் அகலத் தட்டு வைத்த வகை பயன்படும். அது 400 கிராமைத் தாண்டும். விலை கூடினால் எடை குறையும் என்ற கணக்கு அங்கே பொய்த்துப்போகும்.

காக்கா, என்னிடம் இருப்பது பழைய சைக்கிள். கிளிப் பெடல் பொருந்துமா? (அக்கரைப்பற்று)

இருக்கிற பெடலைக் கழற்றி மரையின் குறுக்களவைப் பாருங்கள். 14 மில்லிமீற்றரை ஒட்டி இருந்தால் அது 9/16 அங்குலம், பொருந்தும். 12.5 அளவில் இருந்தால் அரை அங்குலம், பொருந்தாது. ஒரே கம்பியை வளைத்துச் செய்த கிராங்குகளில் (பெடலைத் தாங்கும் கைகளில்) அரை அங்குலம்தான் வழக்கம். இடது பெடலுக்கு எதிர்ப்புரி என்பதை மறந்து பலம் போட வேண்டாம். கடைத்தெருவுக்குச் சாரத்தோடும் செருப்போடும் போய்வரும் சைக்கிள் என்றால், அந்தக் காசுக்கு நல்ல டயர் இரண்டு போடுவதே மேல்.

மாரியில் வயல் களி ஒட்டிக் கால் பூட்டவே முடியவில்லை. கிராங்க் பிரதர்ஸ் எக்பீட்டர் சேற்றுக்கு நல்லது என்கிறார்கள். விலையும் கூட. மாறலாமா? (வெல்லாவெளி)

சேற்றில் எக்பீட்டர் நல்லது என்பது உண்மை. நான்கு பக்கமும் பூட்டலாம், களி தங்க உடலே பெரிதாக இல்லை. டைம் நிறுவனத்தின் அட்டாக் வகையும் சேற்றுக்குப் பேர்போனது. ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். இவற்றின் கிளீட் பித்தளை. ஷிமானோவின் உருக்குக் கிளீட்டைவிடச் சீக்கிரம் தேயும், மணலும் கிறவலும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கிளீட் மறுபடி மறுபடி வாங்குகிற செலவையும் பெடல் விலையோடு கூட்டுங்கள். அடுத்தது, எக்பீட்டரில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. இடது வலது கிளீட்டை மாற்றிப்போட்டால் கழலும் கோணம் 15 பாகையிலிருந்து 20 ஆகும், அவ்வளவுதான்.

முதலில் உங்கள் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் களி அடைவது பெடலில் அல்ல, கிளீட்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில். ஒரு ஈர்க்கில் போதும் கிண்டி எடுக்க. வெளிக்கிட முன் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் எண்ணெய் பூசினால் களி எளிதில் பிடிக்காது.

என்னைக் கேட்டால், படுவான்கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை சாதாரணத் தட்டைப் பெடலைப் போட்டுவிடுங்கள். குளக்கட்டிலும் வட்டை வரம்பிலும் எப்படியும் இறங்கித் தள்ளத்தான் போகிறீர்கள். களிமண்ணில் உருக்குக் கிளீட்டோடு நடப்பதைவிட வழுக்கலான வேலை வேறில்லை. மழை விட்டதும் கிளிப்பை மாட்டலாம்.

கடற்கரை ஓரமாகத்தான் ஓடுகிறேன். பெடல் கீச்சிடுகிறது, ஸ்பிரிங்கில் துரு. விலை கூடியது துருப்பிடிக்காதா? (திருக்கோவில்)

பிடிக்கும். ஸ்பிரிங் எதிலும் உருக்குத்தான். பூச்சு நல்லது என்பதால் கொஞ்சம் பிந்திப் பிடிக்கும், அவ்வளவே. உப்புக் காற்றில் ஓடிவந்தால் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வாகனம் கழுவும் இடத்தில் வேகத் தண்ணீர் பீச்ச விடாதீர்கள், அது அச்சுக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

520க்கு உள்ளே சின்ன பெயரிங் குண்டுகள்தான். கழற்றிக் கிறீஸ் மாற்றலாம், இது அதன் பெரிய பலம். அச்சுத் தொகுதியை வெளியே எடுக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் கருவி வேண்டும். அப்புறம் 7, 10 மில்லிமீற்றர் ஸ்பனர்கள் போதும். எந்தப் பக்கம் சுழற்றுவது என்பதற்குப் பெடலிலேயே அம்புக்குறி இருக்கும். இந்தத் தொகுதியைக் கழற்றும்போது வலது பெடல்தான் வழமைக்கு மாறாகச் சுழலும், பார்த்துத் திருப்புங்கள். கிறீஸுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டாம். மீன்பிடிப் படகு எஞ்சினுக்குப் பூசும் கிறீஸ் உப்புத் தண்ணீரைத் தாங்குவதற்கென்றே செய்தது, வாழைச்சேனையிலும் கல்முனையிலும் எடுக்கலாம்.

அண்ணா, எனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் சன நெரிசலில் கால் மாட்டி விழுந்துவிடுவேனோ என்று பயம். விலை கூடிய பெடல் பாதுகாப்பானதா? (கல்முனை)

பாதுகாப்பு பெடலின் விலையில் இல்லை தங்கச்சி, கிளீட்டில் இருக்கிறது. 520 உடன் வருவது எஸ்எச்51, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எஸ்எச்56 என்று தனியே வாங்குங்கள். அது பல திசையிலும் கழலும், பதற்றத்தில் காலை மேலே இழுத்தாலும் வரும். 3 மில்லிமீற்றர் அலன் கீயால் ஸ்பிரிங்கை ஆகக் குறைந்த இறுக்கத்துக்குத் தளர்த்துங்கள். வளவுக்குள் மதிலைப் பிடித்தபடி பூட்டிக் கழற்றிப் பழகி, பின்னேரம் வெறிச்சென்ற ஒழுங்கையில் ஓடிப் பாருங்கள். சந்திக்கு வருமுன்பே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும், நின்றபின் அல்ல. ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் கிளிப் உள்ள ஈஎச்500 வாங்கினால் பசார் வழியே போகும்போது சும்மா மிதித்துக்கொண்டு போகலாம். கூடக் காசு கொடுக்க நான் சம்மதிக்கிற இடம் இதுதான்.

கிளிப் போட்டதிலிருந்து முழங்கால் நோகிறது. (அம்பாறை நகர்)

விலை கூடிய பெடல் இதற்கு மருந்தல்ல. கிளீட்டின் ஆணிகளைத் தளர்த்தி, உங்கள் பாதம் இயல்பாக நிற்கும் கோணத்துக்கு அதைத் திருப்பி, 5 முதல் 6 நியூட்டன் மீற்றர் இறுக்கத்தில் மறுபடி பூட்டுங்கள். சீற்றின் உயரத்தையும் பாருங்கள். அதன்பிறகும் நொந்தால் வைத்தியரிடம் போங்கள்.

பாவித்த எக்ஸ்டிஆர் ஒன்று, புது 520 விலைக்கு வருகிறது. விடலாமா? (ஏறாவூர்)

கையில் வாங்கிப் பார்க்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம். அச்சைப் பிடித்துப் பெடலை ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மெல்லச் சுழற்றுங்கள். மண் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் வேண்டாம். கிளீட் உட்காரும் இடத்தில் உலோகம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா, மரை சிதைந்திருக்கிறதா, அலன் கீ போடும் துளை வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சு வளைந்திருப்பது படத்தில் தெரியாது. எல்லாம் சரியென்றால் வாங்குங்கள், ஆனால் கூடவே தரும் பழைய கிளீட்டை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள்.