டிவி கோர்ட்டில் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மியாமியில் என்னோடு வேலை செய்யும் ஹோண்டுராஸ் நண்பருக்கு வீட்டுக்காரர் 1,800 டாலர் டெபாசிட்டைத் தர மறுக்கிறார். 'காசோ செர்ராதோ' என்ற டிவி கோர்ட் நிகழ்ச்சியில் வழக்கை எடுக்க வைப்பதாகச் சொல்லி, ஒரு 'நோத்தாரியோ' (நோட்டரிக்கு ஸ்பானிஷ் பெயர்) 300 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு காசுகூடக் கொடுக்க வேண்டாம். டெலிமுண்டோ என்ற ஸ்பானிஷ் சேனலில் 2001-ல் வேறு பெயரில் தொடங்கி, 2005-ல் 'காசோ செர்ராதோ' ஆன அந்த நிகழ்ச்சி 2019-ல் நின்றுவிட்டது. இப்போது ஓடுவது பழைய பகுதிகள். அதில் தீர்ப்பு சொன்ன அனா மரியா போலோ வழக்கறிஞர். அங்கே அவர் மத்தியஸ்தர்தான், அரசு நீதிபதி அல்ல. சில கதைகளை நடிகர்களே நடித்தார்கள். இதே மாதிரி வேறு நிகழ்ச்சி கூப்பிட்டாலும் யோசிக்கச் சொல்லுங்கள். மத்தியஸ்தர் தீர்ப்பை ஏற்பதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதே விஷயத்தை மறுபடி கோர்ட்டுக்குக் கொண்டுபோவது மிகக் கடினம்.

எனக்குப் பெரிய கவலை அந்த நோத்தாரியோதான். லத்தீன் அமெரிக்காவில் அந்தப் பதவிக்குச் சட்டம் படித்திருக்க வேண்டும். மியாமி இருக்கும் ஃபுளோரிடாவில் நோட்டரியின் முக்கிய வேலையே கையெழுத்துக்குச் சாட்சி நிற்பதுதான். சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. அந்த ஸ்பானிஷ் பெயரில் விளம்பரம் செய்வதற்கே தடை இருக்கிறது. இருந்தும் போர்டு தொங்குகிறது, குடியேற்றப் படிவங்களைக்கூட நிரப்பிக் கெடுத்து வைக்கிறார்கள். தடை போட்டவர்கள் தெருவில் இறங்கிப் பார்ப்பதே இல்லை.

சரி, பணத்துக்கு வழி? ஃபுளோரிடா சட்டப்படி, பிடித்தம் எதுவும் இல்லையென்றால், காலி செய்த 15 நாளில் டெபாசிட் திரும்ப வேண்டும். பிடித்தம் உண்டென்றால் 30 நாளுக்குள் காரணத்தை எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் டெபாசிட்டில் கைவைக்கும் உரிமை வீட்டுக்காரருக்குப் போய்விடும்.

இதில் ஒரு விதிவிலக்கைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே கிளம்பியவரும், ஒப்பந்தம் இல்லாமல் மாத வாடகையில் இருந்தவரும், குறைந்தது 7 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். நேரில் கொடுத்திருக்கலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பியிருக்கலாம். புது முகவரியும் அதில் இருக்க வேண்டும். போகிற போக்கில் வாயால் சொன்னது போதாது. அப்படித் தெரிவிக்காவிட்டால் அந்த 30 நாள் கெடு வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது. அப்போதும் குடியிருந்தவருக்கு டெபாசிட் மீதுள்ள உரிமை போகாது. எது சேதம், எவ்வளவு செலவு என்று வாதாட வேண்டிவரும், அவ்வளவுதான்.

8,000 டாலர் வரையிலான வழக்குகளுக்குக் கவுன்ட்டி கோர்ட்டில் தனிப் பிரிவு உண்டு. வழக்கறிஞர் இல்லாமலே போடலாம். படிவம் கிளார்க் அலுவலகத்தில் கிடைக்கும். ஆனால் கட்டணம் கட்ட வேண்டும், ஒரு நாள் கூலி போகும், மொழிபெயர்க்க ஆளையும் பெரும்பாலும் தானே கூட்டிப்போக வேண்டும். உழைத்த காசைத் திரும்பக் கேட்பவருக்கு இவ்வளவு அலைச்சல் வைத்திருப்பது அநியாயம். வாடகை ஒப்பந்தம், டெபாசிட் கட்டிய ரசீது, காலி செய்த அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் நண்பர் முதலில் எடுத்து வைக்கட்டும்.